எச்சில் சொல்லும் சேதி



பல் விளக்கித் துப்பும்போது ரத்தம் தெரிஞ்சா "உடம்புச் சூடு" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சூடு இல்லை, ஈறு நோய். பல்லில் படியும் அழுக்கில் கிருமி வளரும். நாளாக நாளாக அழுக்கு காறையாக இறுகும். ஈறு வீங்கும். அப்புறம் பல்லைத் தாங்கும் எலும்பே கரையும். கரைந்த எலும்பு தானாக வளராது. பல நேரம் வலியே இருக்காது, அதுதான் ஆபத்து.

ஒரு நாளைக்கு நம் வாயில் அரை லிட்டரில் இருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுது. ஈறு புண்ணானால் அங்கே கசிவது எச்சிலில் கலக்கும். அதில் எம்.எம்.பி.-8 என்று ஒரு பொருள். நோய் முற்றினால் அது கூடும், காறையை எடுத்து வைத்தியம் பார்த்தால் குறையும். ஊசி இல்லாமல், எச்சிலிலேயே இதைப் பார்க்கும் சோதனை வெளிநாடுகளில் வந்திருக்கு. நம்ம குழு நோட்டு மாதிரிதான். வைத்தியத்துக்கு முன்னால் ஒரு பதிவு, பின்னால் ஒரு பதிவு. ரெண்டையும் ஒத்துப் பார்த்தால் கடன் அடையுதா, வட்டி ஏறுதா என்று தெரிந்துவிடும்.

ஆனால் எச்சில் சோதனை மட்டும் போதாது. பல் டாக்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு ஆழம் அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை பயமில்லை. அதற்கு மேல் போய், ரத்தமும் வந்தால் கவனிக்கணும். சுத்தம் செய்த சில வாரம் கழித்து மறுபடி அளந்தால்தான் குணம் தெரியும். அந்த இரண்டாம் தடவையைத்தான் நாம் தவறவிடுகிறோம்.

"சுத்தம் செஞ்சா பல் ஆடிடும்" என்பார்கள். எலும்பு முன்பே கரைந்திருக்கும், காறை அதை மறைத்திருக்கும், அவ்வளவுதான். சர்க்கரை உள்ள அக்காமார் கூடுதலாகப் பார்க்கணும். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கஷ்டமாகும். புகை பிடிக்கிறவர்களுக்கு ரத்தம் அவ்வளவாகத் தெரியாமலே உள்ளே நோய் முற்றலாம்.

அதனால் ஒரு வேண்டுகோள். வாரக் கூட்டத்தில் தவணை கேட்கும்போதே, "யாருக்காவது துப்புறப்ப ரத்தம் வருதா?" என்றும் கேளுங்கள். வந்தால் பல்லைப் பிடுங்கும் நாள் வரை காத்திருக்காமல், இரண்டு பேராகச் சேர்ந்து அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போங்கள். மறுபடி வரச் சொன்ன தேதியை நோட்டில் எழுதிவையுங்கள்.