தரையிறங்கும் கலை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

விமானம் ஓட்டிய அனுபவத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். வானில் பறந்த பெருமையைக் கூறுவேன் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். நானோ, செம்மையாகத் தரையிறங்கத் தெரியாமல் ஒரு விமானத்தை உடைத்த கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் இலக்கியத்திலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், மன்னன் சச்சந்தன் தன் தேவி விசயைக்கு மயிற்பொறியைச் செலுத்தும் முறையைக் கற்பிக்கிறான். பகைவனிடமிருந்து தப்பிப் பறக்கும் அவள், கட்டியங்காரனின் வெற்றி முரசம் கேட்டு மயங்குகிறாள். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. ஏறுவதினும் இறங்குவதே அரிது என்பதை அப்புலவரும் உணர்ந்திருந்தார் போலும்!

எனக்கு வாய்த்த மயிற்பொறியின் பெயர் புஷ்பக். பெங்களூரில் உருவாகி, 1958-இல் முதன்முதலாகப் பறந்த சிறு விமானம் அது. இருவர் அருகருகே அமரலாம். எஞ்சின் 90 குதிரைத் திறன் கொண்டது. முன்னே இரண்டு சக்கரங்களும் வாலின் அடியில் ஒரு சிறு சக்கரமும் உண்டு. நாட்டின் பறக்கும் கழகங்கள் பலவற்றில் மாணவர்கள் இதில் பயின்றனர். 1982-ஆம் ஆண்டு மே மாதம், வடநாட்டு நகரம் ஒன்றில் நானும் அவ்வாறு பயின்றுவந்தேன்.

தரையிறங்குதல் என்பது விமானத்தைத் தரையில் கொண்டு வைப்பதன்று. சில அடி உயரத்தில் அதன் மூக்கைச் சிறிது சிறிதாக உயர்த்தி, வேகம் தேய்ந்து, இறக்கை இனித் தாங்க இயலாது என்னும் நிலையில் அது தானே அமரும்படி காத்திருத்தலாகும். வேகம் மிகுந்து வந்து சக்கரம் மோதினால் என்ன ஆகும்? இவ்வகை விமானத்தின் எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஆதலின் மோதியதும் வால் தாழும், மூக்கு உயரும், இறக்கை காற்றை முன்னிலும் மிகுதியாக ஏந்தும், விமானம் பந்துபோல் மீண்டும் எழும்பும். துள்ளல் பெரிதாயின் செய்யத்தக்கது ஒன்றே: எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மேலெழுந்து, வட்டமிட்டு, மறுபடியும் முறையாக இறங்கி வருதல்.

இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆயினும் அன்று தனியே பறந்து திரும்பிய நான், வேகம் மிகையாக வந்து துள்ளியபோது மேலெழ நாணினேன். கழகத்தின் தாழ்வாரத்தில் உடன் பயிலும் மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். பிடியை முன்னே தள்ளி, விமானத்தை வலிந்து இறக்க முயன்றேன். இரண்டாம் துள்ளல் முதலாவதைவிட உயர்ந்தது. மூன்றாம் முறை வேகமே இன்றி விழுந்தது. இடப்பக்கத்துச் சக்கரக் கால் முறிந்தது. இறக்கையின் நுனி மண்ணைக் கீற, விமானம் சுழன்று நின்றது. என் உடலில் ஒரு கீறலும் இல்லை.

உண்மையான சோதனை அதன் பின்னரே வந்தது. முதிய மெக்கானிக் ஒருவர் முறிந்த இரும்பை எடுத்துவந்து காட்டினார். முறிவின் ஒரு பாதி வெள்ளிபோல் மின்னியது. மறுபாதி எண்ணெயும் தூசியும் படிந்து கறுத்திருந்தது. "மின்னுவது இன்று முறிந்தது, கறுத்தது முன்பே விட்ட விரிசல். யாரோ பலமாக இறக்கிவிட்டுப் பதிவேட்டில் எழுதாமல் விட்டிருக்கிறார்" என்றார்.

அந்த யாரோ நான்தான். நான்கு நாட்களுக்கு முன்னும் நான் பலமாக மோதி இறங்கினேன். விமானம் நேராக ஓடி நின்றுவிட்டதால் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தனியே பறக்கும் இசைவு போய்விடுமோ என்னும் அச்சம். தந்தையார் கடன் வாங்கிக் கட்டிய கட்டணத்தின் நினைவு. அந்த நான்கு நாட்களில் வேறு இரு மாணவர்கள் அதே விமானத்தில் பறந்திருந்தனர். அவருள் ஒருவன் என் அறைத் தோழன்.

காற்றின்மேல் பழிபோட்டு நான் தப்பியிருக்கலாம். தோழனின் முகத்தைக் கண்டதும் பொய் சொல்ல நா எழவில்லை. ஆசிரியரிடம் அனைத்தையும் கூறினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. இரண்டு நிகழ்ச்சிகளையும் என் கையாலேயே பதிவேட்டில் எழுதச் செய்தார். ஆறு வாரம் தனியே பறக்க இசைவில்லை. துள்ளியதும் மேலெழும் பயிற்சியை அவர் அருகிலிருந்து மீண்டும் மீண்டும் தந்தார். தோழன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அது நியாயமே.

விமான விபத்து விசாரணைக்கென உலக நாடுகளுக்குப் பொதுவான நெறி ஒன்று உண்டு. சிகாகோ உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பாக அது 1951-இல் ஏற்கப்பெற்றது. விசாரணையின் நோக்கம் எவர்மீதும் பழி சுமத்துவதன்று, இனி விபத்து நேராமல் தடுப்பதே என்று அந்நெறி இன்று கூறுகிறது. பழிக்கு அஞ்சுபவன் மறைப்பான். மறைத்த விரிசல் மற்றொருவன் பறக்கும்போது முறியும்.

பெற்றோர்களே! ஊர்விட்டு ஊர் வந்து, பிள்ளைகளின் கல்வி ஒன்றையே செல்வமாகக் கருதி வாழ்கிறோம். அதனாலேயே அவர்கள் தம் தோல்வியை நம்மிடம் சொல்ல அஞ்சுகிறார்கள். தேர்வில் தவறிய பிள்ளை முதலில் நம்மிடமே வந்து சொல்லும் வண்ணம் நம் இல்லங்கள் இருக்கட்டும். மாணவர்களே! துள்ளினால் வலிந்து அழுத்தாதீர்கள். மேலெழுந்து சுற்றி வாருங்கள். இறங்கியபின், நடந்ததை நடந்தவாறே எழுதிவிடுங்கள்.