கிளையைச் சாய்த்துக் கட்டுங்கள்

கொடி ரோஜா வளர்ப்பவர்களிடம் பேசிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே குறைதான். “செடி மொட்டை மாடியைத் தொட்டுவிட்டது, பூவைத்தான் காணோம்.” எங்கள் வீட்டிலும் மூன்று வருடம் அப்படித்தான் இருந்தது. வாசலில் நின்று பார்த்தால் முள்ளும் இலையும். மாடி ஏறிப் போனால் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு கொத்துப் பூ. உரம் போதவில்லை என்று நினைத்துத் தொழு உரம் போட்டோம். செடி இன்னும் உயரப் போனது.

குறை உரத்தில் இல்லை, நாங்கள் கட்டியிருந்த விதத்தில் இருந்தது. கிளை நேராக நிற்கும்போது அதன் நுனிக் குருத்தில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி கீழே இறங்கி, கணுக்களில் இருக்கும் மொட்டுகளை முளைக்கவிடாமல் அடக்கி வைக்கிறது. அதே கிளையைப் படுக்கை வாட்டில் சாய்த்துக் கட்டினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். கணுவுக்குக் கணு பக்கத் தளிர் எழும்பும். ஒவ்வொரு தளிரின் நுனியிலும் பூ வரும்.

எங்கள் செடியில் இரண்டு கிளைகளை அவிழ்த்துச் சாய்த்துக் கட்டினோம், ஒன்றை நேராகவே விட்டுவைத்தோம். ஒன்றரை மாதத்தில் சாய்ந்த கிளைகள் முழுக்க சாண் உயரத் தளிர்கள், வரிசையாக மொட்டுகள். நேராக நின்ற கிளையில் பழையபடி உச்சியில் மட்டுமே பூ. முற்றிய கிளை வளைத்தால் முறிந்துவிடும். சுண்டுவிரல் பருமனில் பச்சையாக இருக்கும்போதே வளைக்க வேண்டும்.

கொடி என்கிறோமே தவிர, ரோஜாவுக்குத் தானாகப் பற்றிக்கொள்ளத் தெரியாது. பாகலுக்குப் பற்றுக்கம்பி உண்டு. முல்லை சுற்றிச் சுற்றி ஏறும். ரோஜாவுக்கு இருப்பது கீழ்நோக்கி வளைந்த முள் மட்டும்தான். காட்டில் அது பக்கத்து மரத்தில் கொக்கி போலத் தொற்றிக்கொள்ளும். வீட்டுச் சுவரில் நாம்தான் கட்டிவிட வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒரு கம்பி இழுத்து, கம்பிக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் இலையில் கரும்புள்ளி விழும். சமவெளியில் இருப்பவர்கள் மேற்கு வெயில் அடிக்கும் சுவரைத் தவிர்த்து, காலை வெயில் படும் சுவராகப் பாருங்கள்.

செடி வாங்கும்போது ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: வருடத்துக்கு ஒருமுறை பூப்பதா, விட்டுவிட்டுப் பூப்பதா? சின்ன வீட்டுக்கு இரண்டாவதுதான் நல்லது. புதர் ரோஜாவிலிருந்து திடீர் மாற்றமாகக் கிடைத்த ‘கிளைம்பிங்’ ரகம் என்றால் முதல் இரண்டு வருடம் கவாத்துக் கத்தரியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஒட்ட வெட்டினால் மறுபடி புதராகவே மாறிவிடக்கூடும். காய்ந்ததை மட்டும் எடுங்கள்.

பந்தல் இருக்கிற வீட்டுக்கு நான் சொல்வது ‘மார்ஷல் நீல்’. பிரான்சில் 1864-இல் வெளிவந்த மஞ்சள் ரோஜா. குளிர் ஆகாது, வெதுவெதுப்பு பிடிக்கும். அதன் காம்பு துவண்டு பூ கீழே கவிழும். குறை என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். பந்தலின் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அந்தப் பூ நேருக்கு நேர் முகம் காட்டுகிறதே! வெள்ளை வேண்டுமென்றால் வேளாண் அறிவியலாளர் பி.பி. பால் உருவாக்கிய ‘டெல்லி ஒயிட் பேர்ல்’ இருக்கிறது.

நம் வெயிலுக்கென்றே ரோஜா தேடியவர்கள் கொடைக்கானல் தம்பதி வீரராகவன் – கிரிஜா. மணிப்பூர் மலைகளில் மரங்களின் மேல் படர்ந்து கிடக்கும் ‘ரோசா ஜைகான்டியா’ என்ற காட்டு ரோஜாவைக் கலந்து, வெப்பம் தாங்கும் ரகங்களை உருவாக்கினார்கள். ஐரோப்பியக் குளிருக்கென்று பிறந்த செடியை இங்கே கொண்டுவந்து வாடவிடுவதைவிட இது எவ்வளவு நல்ல வழி!

கிளையைச் சுவர்க் கம்பியோடு கட்டுவதற்கு இன்னொரு கம்பி வேண்டாம், பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக்கொள்ளுங்கள். எட்டு என்ற எண் போல ஒரு சுற்று கிளைக்கு, ஒரு சுற்று கம்பிக்கு. கிளைப் பக்கம் ஒரு விரல் நுழையும்படி தளர்வாக விடுங்கள். அடுத்த மழைக்குள் கிளை அந்த இடத்தை நிரப்பிவிடும். அப்போது முடிச்சை அவிழ்த்துப் புதிதாகக் கட்டுங்கள்.