வாரண்ட் இருக்கா என்று யாரிடம் கேட்பது?



முதலிலேயே சொல்லிடறேன், நான் வக்கீல் இல்லை. போராட்டங்களில் கைதானவர்கள் வெளியே வரும்வரை ஜெயில் வாசலில் பிஸ்கட்டும் தண்ணி பாட்டிலுமாக உட்கார்ந்திருக்கும் வேலையைச் சில வருஷமாகச் செய்கிறேன். அந்த வேலையில் கற்றுக்கொண்டதைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

போன வருஷம் நம்ம தோழி ஒருத்தி மதுரைக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். டிக்கெட் போட்டாச்சு, சென்னையில் விசா ஸ்டாம்பிங்குக்குத் தேதியும் வாங்கியாச்சு. விண்ணப்பத்தில் 'எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா' என்ற கேள்வி வந்ததும் என்னைக் கூப்பிட்டாள். கலிஃபோர்னியாவில் ஒரு ஊர்வலத்தில், கலைந்து போகச் சொன்ன பிறகும் நின்றதற்காகப் பிடித்து, மூன்று மணி நேரம் வைத்திருந்து, கையில் ஒரு சீட்டைக் கொடுத்து விட்டார்கள். சீட்டில் போட்டிருந்த தேதிக்குச் சரியாகக் கோர்ட்டுக்குப் போனாள். "உன் மேல் வழக்கு எதுவும் பதிவாகவில்லை, வீட்டுக்குப் போ" என்றார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்துவிட்டாள்.

முடியவில்லை. சிறு குற்றங்களுக்கு வழக்குப் போட அங்கே அரசுத் தரப்புக்குப் பொதுவாக ஒரு வருஷம் அவகாசம் உண்டு. எட்டு மாதம் கழித்து வழக்கைப் போட்டார்கள். சம்மன் அவள் காலி செய்திருந்த பழைய அறைக்குப் போனது. அவள் ஆஜராகவில்லை. நீதிபதி பெஞ்ச் வாரண்ட் போட்டார். அவளுக்குத் தெரியாமலே அவள் தேடப்படுகிற ஆள்.

அன்றிரவு இரண்டு பேரும் உட்கார்ந்து கோர்ட் இணையதளத்தில் அவள் பெயரைப் போட்டுத் தேடினோம். 'பதிவு எதுவும் இல்லை' என்று வந்தது. நிம்மதியாகத் தூங்கப் போயிருப்போம். நல்லவேளை, அவளிடம் அந்தப் பழைய சீட்டு இருந்தது. அதில் போலீஸ்காரர் எழுதியிருந்த பெயரைப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது.

நம்ம பெயர் விவகாரம் உங்களுக்கே தெரியும். கயல்விழி என்று ஒரு பெண், அப்பா முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காகிதத்தில் அவள் மிஸ் முருகேசன். இன்னொன்றில் முருகேசன்தான் முதல் பெயர், கயல்விழி குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் முழுப் பெயரையும் குடும்பப் பெயராக்கி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அதை நிஜப் பெயர் என்று நம்பி 'மிஸ்டர் ஃப்னு' என்று கூப்பிடும் அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். இது போதாதென்று ழகரம். ஒருத்தர் இசட் ஹெச் போடுவார், ஒருத்தர் எல் போடுவார். நீளமான பெயரென்றால் கம்ப்யூட்டர் பாதியில் வெட்டிவிடும்.

அதனால் உங்க பெயர் எது என்பது இங்கே முக்கியமில்லை. உங்களைப் பிடித்தவர் என்ன டைப் அடித்தார் என்பதைத்தான் தேடணும். முன்னும் பின்னும் மாற்றி, அப்பா பெயரை மட்டும் வைத்து, எஃப்.என்.யு. வைத்து, வெட்டுப்பட்ட பெயரை வைத்து, எல்லாவற்றையும் போட்டுப் பாருங்க. சீட்டில் எண் இருந்தால் அதுதான் தங்கம், தூக்கிப் போடாதீங்க.

பிறந்த தேதியை வைத்துத் தேடலாமே என்று கேட்பீங்க. கலிஃபோர்னியாவில் முடியாது. சிறை சென்று வந்தவர்களின் அமைப்பான 'ஆல் ஆஃப் அஸ் ஆர் நன்' ரிவர்சைட் கவுண்டி கோர்ட்டை எதிர்த்து வழக்குப் போட்டு, பிறந்த தேதியையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் வைத்து இணையத்தில் குற்ற வழக்குகளைத் தேடவிடுவது விதிக்கு விரோதம் என்று 2021-இல் தீர்ப்பு வாங்கினார்கள். வேலை தருகிறவனும் வீட்டுக்காரனும் ஒரு சொடுக்கில் பழைய வழக்கைத் தோண்டுவதைத் தடுத்த தீர்ப்பு அது. நான் அதன் பக்கம்தான். நமக்குத் தேடும் வேலை கூடுகிறது, அவ்வளவுதான். கூடட்டும்.

சரி, எங்கே தேடுவது? இந்த நாட்டில் 3,100-க்கும் மேற்பட்ட கவுண்டிகள். நம்மூர் மாவட்டம் மாதிரி என்று நினைக்காதீங்க. கலெக்டர் கிடையாது. பெரும்பாலான இடங்களில் ஷெரிஃப் ஓட்டு வாங்கி வருகிறவர். கலிஃபோர்னியாவில் மட்டும் 58 கவுண்டி, ஒவ்வொன்றுக்கும் தனி சுப்பீரியர் கோர்ட், தனி இணையதளம். நீங்க குடியிருக்கிற கவுண்டியில் தேடிப் பயனில்லை, கைதான இடம் எந்தக் கவுண்டியோ அங்கேதான் தேடணும். வாரண்ட்டைப் போடுவது நீதிபதி, அதன் மூலப்பதிவு கோர்ட் கிளார்க்கிடம். அதை நிறைவேற்றுவது ஷெரிஃபும் போலீஸும், அவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி. சில ஷெரிஃப்கள் வாரண்ட் பட்டியலை இணையத்திலேயே போடுகிறார்கள், சிலர் போடுவதில்லை. கலிஃபோர்னியாவில் குற்ற வழக்கின் ஆவணங்களைப் பொதுவாகக் கோர்ட் கட்டடத்துக்குள் போனால்தான் பார்க்க முடியும். நகல் பக்கத்துக்கு 50 சென்ட். தேட 10 நிமிஷத்துக்கு மேல் ஆனால் 15 டாலர் கேட்பார்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ஷெரிஃப் ஆபீஸ் கவுண்டரில் போய் "என் மேல் வாரண்ட் இருக்கா சார்" என்று நீங்களே கேட்காதீங்க. இருந்தால் அங்கேயே விலங்கு மாட்டுவார்கள். விசாவில் இருக்கிறவர்களுக்கு, காகிதமே இல்லாதவர்களுக்கு, அந்த ஒரு இரவு குடியேற்றத் துறை வரைக்கும் போகும். வக்கீலை விட்டு விசாரிக்கச் சொல்லுங்க. வசதியில்லை என்றால் பப்ளிக் டிஃபெண்டர் ஆபீஸுக்கு போன் போடுங்க. கோர்ட் பதிவைப் பார்க்க நண்பர் யார் வேண்டுமானாலும் போகலாம், பொதுப் பதிவுதானே.

இன்னொன்று, 'வாரண்ட் இருக்கு, கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைச் சொல்லு' என்று போன் வந்தால் வைத்துவிடுங்க. எந்த ஷெரிஃபும் கிஃப்ட் கார்டில் பணம் வாங்குவதில்லை. காசு வாங்கிக்கொண்டு வாரண்ட் தேடித்தரும் தனியார் தளங்களும் பழைய குப்பையைத்தான் விற்கின்றன. குடியேற்றத் துறை அதிகாரியே கையெழுத்துப் போடும் வாரண்ட் வேறு வகை. அதில் நீதிபதி கையெழுத்து இருக்காது, கவுண்டி கோர்ட்டில் தேடினாலும் கிடைக்காது.

கோர்ட், ஷெரிஃப் என்று இரண்டு இடம் சொன்னேனே, அந்த இரண்டும் எப்போதும் ஒத்துப்போகாது. 2004-இல் அலபாமாவில் காஃபி கவுண்டி போலீஸ் அதிகாரி ஒருவர், ஹெர்ரிங் என்பவர் மேல் வாரண்ட் இருக்கா என்று தன் கிளார்க்கிடம் கேட்டார். இல்லை. பக்கத்து டேல் கவுண்டியில் கேட்கச் சொன்னார். அங்கே கம்ப்யூட்டரில் இருந்தது. ஆளை மடக்கிச் சோதனை போட்டார்கள், போதைப்பொருளும் துப்பாக்கியும் கிடைத்தன. இதற்கிடையில் டேல் கவுண்டி கிளார்க் காகிதத்தைத் தேடினால் காணோம். ஐந்து மாதம் முன்பே ரத்தான வாரண்ட் அது. யாரோ கம்ப்யூட்டரில் அழிக்க மறந்துவிட்டார்கள். திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல 15 நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 2009-இல் சுப்ரீம் கோர்ட் 5-க்கு 4 என்று, அந்தச் சோதனையில் கிடைத்த சாட்சியம் செல்லும் என்றது. அவர்கள் கவனக்குறைவு, நம்ம தலைவிதி.

இது யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்க்க ஃபெர்குசனுக்குப் போகணும். மிசூரியில் அப்போது சுமார் 21,000 பேர் வாழ்ந்த ஊர். 2014 டிசம்பரில் அந்த ஊர்க் கோர்ட்டின் வாரண்ட் 16,000-க்கும் அதிகமான பேர் மேல் நிலுவையில் இருந்தது. வெளியூர்க்காரர்களையும் சேர்த்துத்தான். பலதும் பார்க்கிங், போக்குவரத்து அபராத விவகாரம். ஊரின் கஜானாவை ஏழைக் கறுப்பின மக்களின் பையிலிருந்து நிரப்பினார்கள் என்று மத்திய நீதித் துறையே 2015 அறிக்கையில் எழுதியது.

நம்ம கவுண்டி எப்படி என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கலிஃபோர்னியாவில் பொதுப் பதிவுச் சட்டப்படி ஷெரிஃபுக்கு ஒரு மெயில் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கொடுக்க வேண்டிய பதிவு இருக்கா இல்லையா என்று 10 நாளில் முடிவு சொல்லணும், அவகாசம் நீட்டினால் அதற்கும் காரணம் எழுதணும். யாருடைய பெயரும் கேட்காதீங்க. அந்தப் பட்டியல் நம்ம கையில் இருந்தாலும் ஆபத்துதான். நிலுவையில் உள்ள வாரண்ட் எத்தனை, எந்தெந்தக் குற்றப்பிரிவு, எந்த வருஷம் போட்டது, இவ்வளவுதான் கேட்கணும். அந்தச் சட்டம் கோர்ட்டுக்குப் பொருந்தாது என்பதை ஞாபகம் வைங்க. கோர்ட்டுக்கு அந்த மெயிலை அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

போனைப் பறிகொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சோதனை வாரண்ட் நிறைவேற்றிய பிறகு, போட்ட நாளிலிருந்து 10 நாள் தாண்டினால், கோர்ட் சீல் வைக்காதவரை அது பொதுப் பதிவு. போலீஸ் சத்தியம் செய்து என்ன எழுதிக் கொடுத்தது என்று நீங்களே வாசிக்கலாம்.

தோழி கதைக்கு வர்றேன். முன்னும் பின்னும் மாற்றி, ழகரத்தை எல் ஆக்கித் தேடினோம், வழக்கு எண் வந்துவிட்டது. சிறு குற்ற வழக்கு என்பதால் அவள் போகாமலே வக்கீல் ஆஜராகி வாரண்ட்டை ரத்து செய்ய முடிந்தது. நீதிபதி முன் நின்றது ஐந்து நிமிஷம் இருக்கும். வழக்கு இன்னும் நடக்குது. மதுரைப் பயணம் நடக்கவில்லை, ஆபரேஷனுக்கு அம்மா கூடச் சித்தி போனாங்க, டிக்கெட் பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. ரத்து உத்தரவின் முத்திரை வைத்த நகலை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டுதான் இப்போ அவள் பால் வாங்கக்கூடப் போகிறாள்.

எல்லாரும் லேப்டாப்பைத் திறங்க. பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம்.