கைதூக்கி விடுவோர்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசைக்கும் நாடகத்துக்கும் இடையே, கற்கும் இளைஞர்க்கும் தொழில் பார்க்கும் இளைஞர்க்கும் இன்றியமையாத ஒரு துணையைப் பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் பணித்தார். அத்துணையே வழிகாட்டி. ஆசிரியர் வகுப்பிலுள்ள அனைவர்க்கும் பொதுவாகப் பாடம் சொல்லுகிறார். வழிகாட்டியோ ஒருவனை உற்று நோக்கி, அவனுக்குரிய வழி எதுவென ஆராய்ந்து சொல்லுகிறார். ஆசிரியரே வழிகாட்டியாக வாய்ப்பின், அது அம்மாணவன் செய்த தவப்பயன்.

கணித மேதை இராமானுசனைக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி கண்டெடுத்தார் என்பர். அஃது உண்மை, ஆயினும் முழு உண்மை அன்று. ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதியது 1913ஆம் ஆண்டு ஜனவரியில். அதற்கு முன்னரே அவரைத் தாங்கிய கைகள் பல.

எப்.ஏ. தேர்வில் தேறாது, வேலையுமின்றி அலைந்த அவ்விளைஞர், 1910ஆம் ஆண்டில் தம் குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு திருக்கோவிலூர் சென்றார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்தவர் வி. இராமசுவாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். இராமானுசன் வேண்டியது ஓர் எழுத்தர் வேலை. வேலை கொடுத்திருந்தால் அதுவும் ஓர் உதவிதான். ஆனால் குறிப்பேடுகளைப் புரட்டிய ஐயருக்கு, அவ்வறிவை அலுவலகத்தின் கீழ்ப்படியில் புதைக்க மனம் வரவில்லை. சென்னையிலுள்ள நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்துத் தாங்கினார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார் இராமானுசன்.

எழுத்தர் வேலை பார்க்கும் நம்மைப் போன்றோர் இவ்விடத்தில் சற்று நின்று நோக்க வேண்டும். அவ்வலுவலகத்தின் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர், தாமும் கணிதம் கற்றவர். தமக்குக் கீழ்ப் பணியாற்றும் இளைஞருடன், அலுவல் முடிந்த பின் மாலைப் பொழுதுகளில், சிலேட்டுப் பலகையும் கையுமாக அமர்ந்தார். இராமானுசன் ஒரு வரியிலிருந்து மறு வரிக்குத் தாவிவிடுவார். இடையிலுள்ள படிகளையும் எழுதினாலன்றோ பிறர்க்கு விளங்கும் என ஐயர் வற்புறுத்துவாராம். அலுவலகத் தலைவரும் இரயில்வேப் பொறியியலில் புகழ் பெற்றவருமான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் ஆதரவையும் ஐயரே பெற்றுத் தந்தார். அதன் பின்னரே ஹார்டி வருகிறார். நிறுவும் முறைகளில் இராமானுசனுக்கு இருந்த குறையை ஹார்டி அறிந்திருந்தும், அவற்றை அளவுக்கு மீறித் திணித்தால் அவருடைய தன்னம்பிக்கை குலையுமோ என அஞ்சி, பதம் பார்த்தே கற்பித்தார்.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? வழிகாட்டுவோன் பேரறிஞனாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. இராமானுசனுக்குக் கணிதத்தில் நிகராக நாராயண ஐயர் தம்மை எண்ணியதில்லை. தம்மினும் பெரியவன் ஒருவன் தம் கீழ்ப் பணிபுரிகிறான் என உணர்ந்து, அழுக்காறு கொள்ளாது, அடுத்த படியில் நிற்பவர் கையில் அவனை ஒப்படைத்தார். அதுவே வழிகாட்டியின் தலையாய பண்பு.

தமிழுலகிலும் இதற்குச் சான்று உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கினார். 1880இல் ஓய்வு பெறும்போது, தம் ஆசிரியரிடமே பயின்ற இளையவரான உ. வே. சாமிநாதையரைத் தம் இடத்துக்குப் பரிந்துரைத்து அமர்த்தினார். அவ்வாண்டிலேயே, அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படிக்குமாறு ஐயரைத் தூண்டினார். 1887இல் அந்நூல் அச்சேறியது. ஒருவர் நாற்காலி தந்தார். மற்றவர் வேலை தந்தார். பின்னர்ச் சங்க நூல்கள் பல வெளிவந்ததன் பெருமையில் அவ்விருவர்க்கும் பங்கு உண்டு.

அன்பர்களே! தாயகம் விட்டு இந்நகருக்கு வரும் தமிழ் இளைஞனுக்கு நாம் என்ன செய்கிறோம்? வாடகைக்கு அறை பார்த்துக் கொடுக்கிறோம். நல்ல அரிசி கிடைக்கும் கடையைக் காட்டுகிறோம். பொங்கல் விழாவுக்கு அழைக்கிறோம். இவை நற்செயல்களே. ஆயினும் அவனுடைய விண்ணப்பத்தைப் படித்துத் திருத்துவோர் யார்? துறைத் தேர்வுக்கு எதைப் படிக்க வேண்டும் எனச் சொல்லுவோர் யார்? இந்தி தெரியாது வாய் மூடி அமர்ந்திருப்பவனை, திறமையற்றவன் எனப் பிறர் முடிவு கட்டுமுன் பேச வைப்போர் யார்? கைபேசியில் உலகத்துச் செய்தியெல்லாம் கிடைக்கிறது. அவற்றுள் தனக்குரியது எது என்பதை, அவனை அறிந்த ஒருவரே சொல்ல முடியும்.

அலுவலகத்திலும் நிலை இதுவே. பதிவேடுகள் கணிப்பொறிக்கு மாறின. ஆயினும் ஒரு விதியை எந்த நேர்வில் எவ்வாறு பொருத்துவது என்னும் பட்டறிவு, முப்பது ஆண்டு பணியாற்றியவரின் நெஞ்சிலேயே உள்ளது. அவர் அதைப் பக்கத்து நாற்காலிக்குச் சொல்லாது ஓய்வு பெற்றால், மாலையோடு அதுவும் வீடு சென்றுவிடும்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். வழிகாட்டி வீடு தேடி வாரார். இராமானுசனே குறிப்பேட்டைச் சுமந்து சென்றார். தயங்காது கேளுங்கள், கேட்டதைச் செய்து காட்டுங்கள். உங்கள் முயற்சியே அவருக்கு நீங்கள் செலுத்தும் காணிக்கை.

பெரியோர்களே! நாம் வேண்டுவது பொருளுதவி அன்று. ஒவ்வொருவரும் ஓர் இளைஞனை ஏற்று, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், நம் சங்க நூலகத்தில் அவனோடு அமர்தல் வேண்டும். அவனை நம் நிழலாக்க வேண்டா. ஏவலாளாகவும் கொள்ள வேண்டா. நம் தோள்மேல் ஏறி நம்மினும் தொலைவாக அவன் நோக்கட்டும். அடுத்த ஆண்டு விழாவில் அவ்விளைஞர்கள் இம்மேடையேறித் தத்தம் வெற்றியைச் சொல்லக் கேட்போமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!