முடிக்குள் செருகிய பென்சில்



தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியைப் பற்றிப் படித்தபோது என்னை வெகுநாள் தொந்தரவு செய்தது ஒரு பென்சில். 1950-இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் இனம் பிரித்தது. சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். விழுந்தால் வெள்ளையர். சுருளில் சிக்கி நின்றால் இல்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள்கூட இதில் வேறு வேறு இனமாகிப் போனார்கள்.

சட்டம் 1991-இல் ஒழிந்தது. பென்சில் ஒழிந்ததா? 2016-இல் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில், சுருள் முடியை நேராக்கிக்கொண்டு வரச் சொல்கிறார்கள் என்று கறுப்பின மாணவிகள் போராடினார்கள். முன்னால் நின்ற ஜுலைக்கா படேலுக்கு வயது 13.

தன் தலையில் முளைப்பதே ஒழுங்கீனம் என்று கேட்டு வளரும் பிள்ளை கண்ணாடியில் யாரைப் பார்ப்பாள்? உச்சந்தலை எரிய எரிய ரசாயனக் களிம்பைப் பூசிக்கொள்வதை அழகு மோகம் என்று நானும் ஒருகாலத்தில் லேசாகச் சொன்னவன்தான். வெட்கமாக இருக்கிறது.

போராட்டத்துக்குப் பிறகு மாகாணக் கல்வித்துறை அந்த முடி விதியை நிறுத்திவைத்தது. அடுத்த நாள் காலை அந்தப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் கண்ணாடி முன் நின்றிருப்பார்கள்!