சேலை கட்டும் உரிமை யாருக்கு?

(திருவானைக்காவல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குயர் கோட்பாடு பற்றிப் பேசச் சொன்னார்கள். வெளிநாட்டுச் சரக்கு என்று மிரள வேண்டாம். இங்கே ஜம்புகேசுவரர் கோயிலில் தினமும் உச்சிக்காலத்தில் என்ன நடக்கிறது? அர்ச்சகர் சேலை கட்டி, கிரீடம் வைத்து, அகிலாண்டேசுவரியாகச் சாமி சன்னதிக்குப் போய்ப் பூசை செய்கிறார். பசுவுக்கும் பூசை. கூடியிருக்கும் சனம் அவரை அம்மனாகவே கும்பிடுகிறது. ஆம்பளைக்கு எதற்குச் சேலை என்று ஒருவரும் கேட்பதில்லை.

அதே தெருவில் ஒரு திருநங்கை கடை கேட்டு வந்தால் என்ன பேச்சு விழும் என்று உங்களுக்கே தெரியும்.

பாலினம் என்பது திரும்பத் திரும்பச் செய்து செய்து உண்டாவது என்று 1990இல் எழுதினார் ஜூடித் பட்லர். சரிதான். ஆனால் யார் செய்தால் புனிதம், யார் செய்தால் அசிங்கம் என்பதை இந்த ஊரில் சாதி முடிவு செய்கிறது. கோயிலுக்குள் கட்டும் சேலை பரம்பரை உரிமை. 2021 ஆகஸ்டில் பக்கத்து வயலூரில் பிராமணரல்லாத அர்ச்சகர்கள் இருவரை அரசு நியமித்தது. அதற்கே வழக்கு வந்தது.

சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று 1916இலேயே சொன்னார் அம்பேத்கர். சாதிக்குள் கல்யாணம், சாதிக்குள் பிள்ளை. அந்தக் கணக்கில் சேராத உடம்பையும் காதலையும் வீடு விரட்டுகிறது. சாதி மாறிக் காதலித்த பெண்ணை அடிக்கிற கையும் அதே கைதான்.

இடஒதுக்கீட்டுக்கு வருவோம். 2015இல் தமிழ்நாடு அரசு திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் வைத்தது. தலித் திருநங்கை எங்கே போவார்? சாதிக்கான உரிமையா, பாலினத்துக்கான உரிமையா, ஒன்றை விட்டால்தான் மற்றது. பெண்களுக்கு இருப்பதுபோல ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் கிடைமட்டமாகக் கொடு என்று கிரேஸ் பானு போன்ற தோழர்கள் ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். கர்நாடகம் 2021இல் 1 சதவீதம் அப்படிக் கொடுத்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் கிடைமட்டமாகவே தரச் சொன்னது.

அரசைக் கேட்கிற நாம் நம்மையும் கேட்க வேண்டும். ஐயர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் சட்டம் வாங்கினோம். ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்யச் சொல்லி 2019இல் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு நம் மேடையில் அப்படி எத்தனை நடத்தினோம்? மாநாட்டு வாசலில் ஆட அழைக்கிறோம், செயற்குழுவுக்கு அழைப்பதில்லை. வாடகைக்கு வீடு கேட்டால் நம் தோழரே, "வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க" என்கிறார். சாதி கேட்டு வீடு மறுக்கிறவனும் இதையேதான் சொல்கிறான்.

இங்கே வீடு தேடும் இருவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாடி காலியாக வைத்திருக்கும் தோழர்கள் கூட்டம் முடிந்ததும் அவர்களைப் பார்த்துவிட்டுப் போங்கள்.