கையெழுத்துப் போட்டவன் கதி



வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையும் அதன் பின்விளைவும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். 1914 செப்டம்பரில் ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைக்கே வந்து குண்டு வீசிவிட்டுப் போன முதல் உலகப் போரை முடித்த உடன்படிக்கை அது. பத்து லட்சம் இந்தியச் சிப்பாய்களுக்கு மேல் கடல் கடந்து போன போர். 1919 ஜூன் 28 அன்று கையெழுத்தான அந்த உடன்படிக்கையில் இந்தியாவின் பெயராலும் இரண்டு பேர் கையெழுத்திட்டார்கள். ஒருவர் இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு, இன்னொருவர் பிகானீர் மகாராஜா கங்கா சிங்.

தோற்ற ஜெர்மனியைக் கசக்கிப் பிழிந்தார்கள், அதனால் ஹிட்லர் வந்தான். பள்ளிக்கூடத்தில் நாம் இப்படித்தான் எழுதினோம், ஐந்து மதிப்பெண்ணும் வாங்கினோம். அந்த விடை பொய்யில்லை. ஆனால் பாதி விடை. மீதிப் பாதியைச் சொல்ல இரண்டு மனிதர்களை உங்கள் முன் நிறுத்துகிறேன். ஒருவர் ஃபீல்டு மார்ஷல் ஹிண்டன்பர்க். மற்றவர் மத்தியாஸ் எர்ஸ்பெர்கர்.

1918 செப்டம்பர் கடைசி. 'இனித் தாங்காது, உடனே போர்நிறுத்தம் கேளுங்கள்' என்று ஜெர்மன் அரசாங்கத்தை நெருக்கியவர்கள் யார்? எதிர்க்கட்சிக்காரர்களா? தொழிற்சங்கத்தாரா? இல்லை ஐயா, இல்லை. போரை நடத்திய தளபதிகள் ஹிண்டன்பர்க்கும் லூடண்டார்ஃபும்தான். ஆனால் நவம்பரில் எதிரியின் முன்னால் போய் நிற்கும் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தளபதி அல்ல, எர்ஸ்பெர்கர். தையற்காரர் மகன், ஆசிரியராக இருந்து நாடாளுமன்றத்துக்கு வந்தவர். காம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டி. எதிரே பிரெஞ்சுத் தளபதி ஃபோஷ். நிபந்தனையைத் தளர்த்தாவிட்டாலும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று ராணுவத் தலைமையிடமிருந்தே தந்தி வந்தது. நவம்பர் 11, பொழுது விடியுமுன் எர்ஸ்பெர்கர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஆண்டு உடன்படிக்கை வந்தது. ராணுவம் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடாது. விமானப்படை கூடாது. நீர்மூழ்கிக் கப்பல் கூடாது. குடியேற்ற நாடுகள் அத்தனையும் போயின. போரால் விளைந்த சேதத்துக்கெல்லாம் பொறுப்பு ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் என்றது 231ஆவது பிரிவு. பிரான்சையும் குறை சொல்ல முடியாது. அதன் வட பகுதி சுடுகாடாய்க் கிடந்தது. பதின்மூன்று லட்சத்துக்கு மேல் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடு அது. 1871இல் இதே ஜெர்மனி அதே பிரான்சிடம் இரண்டு மாகாணங்களையும் 500 கோடி பிராங்கும் வாங்கிக்கொண்டுதான் போயிருந்தது.

உடன்படிக்கையை ஏற்க வென்றவர்கள் கொடுத்த கெடு முடியும் நேரம். எதிர்த்து நிற்க முடியுமா என்று குடியரசுத் தலைவர் ஏபர்ட் ராணுவத் தலைமையைத் தொலைபேசியில் கேட்கிறார். அந்தப் பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள் என்று துணைத்தளபதி க்ரோனரிடம் விட்டுவிட்டு ஹிண்டன்பர்க் அறையை விட்டு வெளியேறினார் என்று வரலாறு எழுதுகிறது. 'முடியாது' என்று க்ரோனர் சொன்னார். வைமர் நகரில் கூடிய தேசிய மன்றத்தில் 237 பேர் ஆதரித்தார்கள், 138 பேர் எதிர்த்தார்கள். ஆதரித்து வாக்களித்தவர்களும் நாட்டுப்பற்றால்தான் வாக்களித்தார்கள் என்று எதிர்த்தவர்களே அன்றைக்கு ஒப்புக்கொண்டார்கள். அந்த வாய்மொழிக்கு ஆயுள் எவ்வளவு? ஐந்தே மாதம்! நவம்பரில் அந்த மன்றத்தின் விசாரணைக் குழு முன் வந்து நின்றார் ஹிண்டன்பர்க். நம் படை முதுகில் குத்தப்பட்டது என்றார். அந்த ஒரு வாக்கியம் நாடெல்லாம் பரவியது. வெளிப்பகையை அடுத்து உட்பகைக்குத் தனி அதிகாரமே வைத்தான் வள்ளுவன். அந்த உட்பகை அன்றைக்கு ஜெர்மனியில் பிறந்தது.

1920 ஜனவரியில் நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்த எர்ஸ்பெர்கரைச் சுட்டார்கள், பிழைத்தார். 1921 ஆகஸ்டில் கருங்காட்டு மலைப்பாதையில் நண்பரோடு நடந்துபோனபோது மறுபடி சுட்டார்கள், பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் முன்னாள் பிரதமர் ஷைடமான் மீது சயனைடு அமிலத்தைப் பீய்ச்சினார்கள். இந்த உடன்படிக்கை வேண்டாம் என்று பதவியையே விட்டவர் அவர்! அதே மாதம் வெளியுறவு அமைச்சர் ராத்தெனாவ் நடுத்தெருவில் கொல்லப்பட்டார். ஹிண்டன்பர்க் என்ன ஆனார்? 1925இல் குடியரசுத் தலைவரானார். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லருக்குப் பிரதமர் பதவியைத் தந்த கை அவருடைய கை. எர்ஸ்பெர்கரைக் கொன்றவர்களுக்கு அந்த ஆண்டே மன்னிப்பும் கிடைத்தது.

கடுமையான சமாதானத்தின் முதல் கேடு இதுதான், நண்பர்களே. அதன் விலையைப் போரைத் தொடுத்தவன் கொடுப்பதில்லை. போரை முடிக்க முன்வந்தவன் கொடுக்கிறான்.

இரண்டாவது கேடு வென்றவர்கள் செய்தது. நல்லவன் கேட்டபோது கையை இறுக்கினார்கள். முரடன் மிரட்டியபோது திறந்தார்கள். ஆஸ்திரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1919இல் ஜெர்மனியோடு சேர அதன் மக்களாட்சிக்காரர்கள் விரும்பினார்கள்; கூடாது என்றது உடன்படிக்கை. 1931இல் சுங்க ஒன்றியமாவது வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அதையும் தடுத்தார்கள், ஹேக் நீதிமன்றத்தில் 8க்கு 7 என்று தீர்ப்பும் வந்தது. 1938இல் ஹிட்லர் படையோடு போய் எடுத்துக்கொண்டான். கண்டனக் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பிரான்சோடு சமாதானம் பேசி நோபல் பரிசு பெற்ற ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஸ்ட்ரெஸெமான் 1929 அக்டோபரில் இறந்துபோனார். ஜெர்மனியின் ரைன்லாந்துப் பகுதியை விட்டு அந்நியப் படை கடைசியாக வெளியேறியது 1930 ஜூனில். அவர் கேட்டது அவர் இல்லாதபோது கிடைத்தது. அந்தச் செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் ஹிட்லரின் நாஜிகளுக்கு இருந்த இடங்கள் 12லிருந்து 107 ஆயின. உலகப் பொருளாதார வீழ்ச்சியின் பங்கு அதில் பெரிது, மறுக்கவில்லை. பசித்தவனிடம் காட்டுவதற்குக் குற்றவாளிப் பட்டியல் தயாராக இருந்தது என்பதுதான் என் வாதம்.

கடுமை மட்டுமே காரணமென்றால் 1945க்குப் பிறகு என்ன ஆகியிருக்க வேண்டும்? அப்போது கிடைத்தது இதைவிடக் கடுமை. நாட்டை நான்காகப் பிரித்து ஆண்டார்கள். கிழக்கு மாகாணங்கள் போயின. ஆனால் இந்த முறை சரணாகதியில் கையெழுத்துப் போட்டவர்கள் தளபதிகள்: ரைம்ஸில் யோடல், பெர்லினில் கைட்டல். முதுகில் குத்தினார்கள் என்று எவனும் கதை கட்ட முடியவில்லை. பிறகு மேற்கு ஜெர்மனியில் அடெனாவர் என்ற மக்களாட்சித் தலைவர் கேட்டபோது கொடுத்தார்கள். 1953 லண்டன் ஒப்பந்தத்தில் பழைய கடனில் ஏறத்தாழப் பாதியைத் தள்ளினார்கள். வாக்குச்சீட்டால் வந்தவனுக்கு வீட்டுக்குக் கொண்டுபோக ஏதோ ஒன்று கிடைத்தது.

எனவே உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் போர் ஓய்ந்து, மேசையைச் சுற்றித் தலைவர்கள் உட்கார்ந்திருக்கிற படம் செய்தித்தாளில் வரும். யார் வென்றார், எத்தனை மைல் நிலம் கைமாறியது என்று எல்லோரும் கணக்குப் பார்ப்பார்கள். நீங்கள் தோற்ற தரப்பில் பேனா பிடித்திருக்கிறவரைப் பாருங்கள். போரை நடத்தியவர்தானா அவர்? ஊர் திரும்பித் தன் மக்கள் முன் நின்று பேச அவர் கையில் ஏதாவது கொடுத்து அனுப்புகிறார்களா? இரண்டுக்கும் இல்லை என்பதே பதில் என்றால், அங்கே போர் முடியவில்லை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.